செவ்வாய்க்கிழமைக் கடலில் ஒரு மனை

செவ்வாய்க்கிழமைகளில் ஆப்பிரிக்காவின் அக்ரா நகரத்துக் கடல் வேலைக்கு வராது.

வராது என்றால், அலை கொஞ்சம் மந்தம், மீன் கொஞ்சம் குறைவு என்று பூசி மெழுகிச் சொல்கிற சமாசாரமில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் கரையில் இரைந்துகொண்டிருக்கும் தண்ணீர் செவ்வாய் விடிந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இருக்காது, மணலும் பாறையும் எந்தக் காலத்திலோ முழுகிப்போன கப்பல்களின் விலா எலும்பும்தான் இருக்கும், புதன்கிழமை பொழுது புலரும்போது அது பாட்டுக்குத் திரும்பி வந்து வேலையில் சேர்ந்துவிடும். செவ்வாய் கடலுக்கு ஓய்வுநாள், அன்றைக்கு ஒருத்தரும் வலை வீசக்கூடாது என்பது அந்தக் கரை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிற சட்டம். மனிதர்கள் ஒழுங்காக ஓய்வெடுத்தார்கள். கடல்தான் பாவம், வீட்டோடு இருக்கிற பெண்பிள்ளைக்கு லீவு கொடுத்தால் அவள் என்ன செய்வாளோ அதையே செய்துகொண்டு, ஓய்வுநாளிலும் அலையடித்துக்கொண்டே கிடந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அதற்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். கிளம்பிவிட்டது.

முதல் செவ்வாய்க்கு ஊரே தெருவில் நின்றது, பாஸ்டர்கள் உலகம் முடிந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்தார்கள், ரேடியோவில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கடல் போனதற்கு ஒருவரை ஒருவர் காரணம் காட்டின. இரண்டாவது செவ்வாய்க்குப் பாஸ்டர்கள் பாதிப் பேர்தான் வந்தார்கள், ஏனென்றால் முடிந்துபோன உலகம் புதன்கிழமை மறுபடி தொடங்கியதில் அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கம். மூன்றாவது செவ்வாய்க்கு இறுகிய மணலில் ஃபுட்பால் ஆடினார்கள், அதற்கடுத்த வாரம் கெங்க்கி விற்கிற பெண்கள், புளித்த சோளமாவை உருட்டி மட்டையில் சுற்றி அவித்ததை வறுத்த மீனோடு கொடுக்கிறவர்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள், அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வந்தார்கள், கல்யாண போட்டோ எடுக்கிறவர்கள் வந்தார்கள், கடலோர ஓட்டல்கள் கடல் பார்த்த அறைக்குச் செவ்வாய் மட்டும் வாடகையைக் குறைத்தன. கடல் எங்கே போகிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. லீவில் போகிறவரிடம் அதெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

ஒரே ஒரு விதிதான் போட்டார்கள்: ஆள் இல்லாத வீடு அது, உள்ளே போய் எதையும் எடுக்கவும் கூடாது, எதையும் வைத்துவிட்டு வரவும் கூடாது. விதி என்றால் விதி. ஃபுட்பாலுக்குக் கோல் கம்பம்கூட நட மாட்டார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர் கம்பமாக நிற்பார்கள், பந்து மேலே பட்டால் திட்டுவார்கள்.

இந்த ஊருக்குத்தான் அம்சவேணி தன் புருஷன் தணிகாசலத்தை இழுத்துக்கொண்டு சுற்றுலா வந்தாள்.

தணிகாசலம் தாம்பரத்துக்கு மேற்கே மனை போட்டு விற்கிறவர். ஏரி என்று ஒன்று இரண்டு மாசம் காய்ந்து கிடந்தால் அவருக்குக் கை அரிக்கும். மண் கொட்டி, கல் நட்டு, கொடி கட்டி, எந்த ஏரியை மூடினாரோ அந்த ஏரியில் பூத்த பூவின் பேரையே நகருக்கு வைத்துவிடுவார், அல்லி அவென்யூ, தாமரை கார்டன் என்று, நன்றி மறவாத மனுஷர். பெருவெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் அவர் வீட்டு சாமி அலமாரி வரைக்கும் ஏறியபோது, கட்டில்மேல் நின்றுகொண்டு, இது அப்பட்டமான ஆக்கிரமிப்பு என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். அவரோடு அம்சவேணி போன எந்த ஊரும் ஊராக இருந்ததில்லை. கொடைக்கானல் தேனிலவு, சரிவில் ஒரு மனை பார்த்ததோடு முடிந்தது. காசியில் படித்துறையின் முகப்பு எத்தனை அடி என்று படகுக்காரனிடம் விசாரித்தார். அவளுடைய அப்பாவின் சிதை எரிந்துகொண்டிருந்தபோது மயானத்தின் கிழக்கு எல்லையைக் காலால் அளந்துகொண்டிருந்தார்.

அம்சவேணி கான்வென்ட்டில் படித்தவள், அட்லஸ் பார்த்து மேப் வரைவதில் கெட்டிக்காரி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கோல்டு கோஸ்ட் என்று சிஸ்டர் காட்டிய இடத்துக்கு மஞ்சள் பென்சில் தீட்டியபோதே ஒருநாள் இங்கே போகவேண்டும் என்று முடிவு செய்தவள். மஞ்சளுக்கும் அவளுக்கும் நடுவே கல்யாணமும் இரண்டு பிரசவமும் மாமியாரும் வந்துவிட்டதால் தாமதம். ஐம்பத்திநாலு வயதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரையில், அட்லாண்டிக்கில் கால் நனைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு புருஷன் நிலத்தைப் பார்க்காமல் தன்னைப் பார்த்துக்கொண்டு, அல்லது குறைந்தபட்சம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒரு கால் மணி நேரம் நிற்க வேண்டும். இந்தப் பயணத்திலும் மனை பார்த்தால் நான் தனியாகத் திரும்பி வருவேன், வந்து என் பாட்டுக்கு வேறு வீட்டில் இருப்பேன் என்று அவள் சொன்னபோது, அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பதால், தணிகாசலம் முருகன் மேல் சத்தியம் செய்தார்.

மூன்று நாள் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். ஊரில் சுவருக்குச் சுவர் சிவப்புப் பெயின்ட்டில் 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்தது. அவர் தொழிலில் அது பேரத்துக்கான முதல் வார்த்தை என்றாலும், டாஸ்மாக்கைத் தாண்டிப்போகிற மாலை போட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப்போனார். மகோலா மார்க்கெட்டில் துணி பேரம் பேசி அம்சவேணி வாழ்க்கையில் முதல்முறையாகத் தோற்றாள், தோற்ற சந்தோஷத்தில் இன்னொரு துணியும் வாங்கினாள். சவப்பெட்டிகளை மீன் மாதிரி, விமானம் மாதிரி, மிளகாய் மாதிரி செய்து வைத்திருந்த கடையில் மிளகாய்க்குள் போகப்போகிறவர் யார் என்று கேட்டாள். ஒரு வாத்தியாரம்மா என்றார்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சிவப்பும் கறுப்புமாகத் துணி கட்டிக்கொண்டு ஊரே ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரிய விருந்தில் இவர்களையும் இழுத்து உட்காரவைத்து ஜோலோஃப் சோறு போட்டார்கள். தணிகாசலம், தக்காளி சாதம்தான், ஆனா தைரியமா பண்ணியிருக்காங்க என்று சொல்லி மூன்று தட்டு சாப்பிட்ட பிறகுதான் அது ஒரு சாவு வீடு என்று தெரிந்தது. ஆக எல்லாம் நன்றாகவே போனது, செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று காலையில் அவர்களுடைய டிரைவரும் வழிகாட்டியுமான லார்ட்டே, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, இன்றைக்குக் கடல் கிடையாது மேடம், ஆனால் கடல் இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்றான். ஆடித் தள்ளுபடி என்று வெயிலில் போய் நின்றால் கடைக்கு வார விடுமுறை என்று பலகை தொங்குமே, அந்த எரிச்சல்தான் அம்சவேணிக்கு வந்தது. சரி, நாளைக்கு வருமல்லவா என்று கேட்டுக்கொண்டாள். தணிகாசலத்திடமிருந்து சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில், பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் பார்த்திராத ஒரு பிரகாசம்.

"இது யாருது?" என்று லார்ட்டேயிடம் கேட்டார்.

"கடலுடையது, சார்."

"கடல் எங்கே?"

"லீவு, சார்."

லார்ட்டே விதியைச் சொன்னான், எடுக்கவும் கூடாது வைக்கவும் கூடாது என்று. தணிகாசலம், குப்பை போடக்கூடாது என்பதாக அதைப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, மணலில் இறங்கி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"ஏழு நாள்ல ஒரு நாள் காலி, அம்சா. நம்ம ஊர்ல இவ்வளவுகூட காயாத ஏரிய வித்திருக்கேன்."

"முருகன் மேல சத்தியம் பண்ணீங்க."

"நெலத்தைப் பாக்க மாட்டேன்னு பண்ணேன். இது கடல்தானே."

இந்த மாதிரி பதிலுக்குப் பதில் சொல்லி அவளுக்கு வருஷக்கணக்கில் அனுபவமுண்டு, பிரயோஜனம்தான் இருந்ததில்லை. போய்த் தொலையட்டும், ஒரு நாள் காலாற நடந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டு, லார்ட்டே அறிமுகப்படுத்திய அவனுடைய சித்தி ஆன்ட்டி கொர்க்கோரோடு போய் உட்கார்ந்தாள். ஆன்ட்டி கொர்க்கோர் அந்தக் கரை மீன்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி, மீனுக்கு விலை வைப்பவர், அவர் தும்மினால் சந்தையில் விலை ஏறும் என்பார்கள். கருமிளகாய்த் தொக்கு தொட்டுக்கொண்டு இரண்டு பேரும் வறுத்த மீன் தின்றார்கள், புருஷன்களைப் பற்றிப் பேசினார்கள். ஆன்ட்டி கொர்க்கோரின் புருஷன் பக்கத்து நாட்டு அபிஜானுக்கு ஓடிப்போய் அங்கிருந்து தினம் வாட்ஸ்அப்பில் ஜெபம் அனுப்புகிறாராம். என்னுடையது ஓடுவதில்லை, அளக்கும் என்றாள் அம்சவேணி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கோல் கம்பமாக நின்றிருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்து, கோல் விழுந்தது.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் தணிகாசலம் காரியத்தை முடித்தார். இடிந்த சுவர் ஒன்றிலிருந்து கல் உருட்டிக்கொண்டு வந்து, நல்ல திசை பார்த்து, நாலு மூலைக்கும் நட்டு, அம்சவேணியின் கைப்பையிலிருந்து எடுத்து வந்த மஞ்சளும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரமும் காட்டினார். பார்த்தவர்கள் வெளிநாட்டுக்காரர் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வழிபாடு நடக்கும் இடத்தில் விதி பேசுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. சும்மா சொல்லக்கூடாது, தொழில் சுத்தம் உள்ளவர், மனையோடு நிற்கவில்லை, கரையிலிருந்து மனைவரைக்கும் இரண்டு பக்கமும் கல் வைத்து இருபதடி ரோடும் விட்டார்.

புதன்கிழமை விடியலில் கடல் வந்தது. எப்போதும்போல் இரைச்சலோடுதான் வந்தது, கல்லைக் கண்டதும் நின்றது. நம் ஊர்த் தண்ணீர் என்றால் எல்லைக் கல்லைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போய், நீயாச்சு உன் கல்லாச்சு என்று மேலே ஏறிப் போய்விடும். இந்தக் கடலை இதுவரை யாரும் வராதே என்று சொன்னதில்லை. அதனால் அது கல் சொன்னதை நம்பியது. நாலு கல்லுக்கும் வெளியே, ரோட்டுக்கும் வெளியே, கண்ணாடிச் சுவர் எழுப்பினாற்போல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றுகொண்டு, உள்ளே ஒரு சொட்டு சிந்தாமல், தன் வீட்டு வாசலில் தானே விருந்தாளியாகக் காத்திருந்தது. செய்தி கேட்டதும் தணிகாசலம் பல்கூட விளக்காமல் ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய் மனை நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

ஊர் அதையும் சமாளித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் ஷேர் வண்டிக்காரர்கள் 'தணிகா, தணிகா' என்று கூவி ஆள் ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து, தண்ணீர்ச் சுவருக்குள் போகிற மீனை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடம் நடத்தினார்கள். ஒரு கல்யாண ஜோடி நாற்காலிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது, தணிகாசலம் அட்சதை போடுகிற தோரணையில் கையைத் தூக்கினார். லார்ட்டேகூட, மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது, குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறு சுற்றுலாக்காரர்களை அங்கே கூட்டி வந்தான். படகுகளைத்தான் இறக்க முடியவில்லை. ரோடு கரையை இரண்டாக வெட்டியிருந்தது, மீன் கூட்டமும் இது என்ன வம்பு என்று தூரப் போய்விட்டது. மீன்காரப் பெண்கள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஆன்ட்டி கொர்க்கோர் ஓட்டலுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஓட்டல்காரர் லாரியில் கல் ஏற்றி வைத்திருக்கிறாராம், ஒரு பாஸ்டர் ஆலயத்துக்கு இடம் பார்த்துவிட்டாராம், வருகிற செவ்வாய்க்கு அத்தனை பேரும் இறங்கப் போகிறார்களாம்.

"நம்ம கடல் கூச்ச சுபாவம், சிஸ்டர்," என்றார். "ஒரு தடவை வேண்டாம்னா ஒதுங்கி நிக்கும். ரெண்டாம் தடவையும் வேண்டாம்னா பெட்டியைக் கட்டிடும். அப்புறம் புதன்கிழமையும் வராது."

கல்லைப் பிடுங்கிப் போடுங்களேன் என்றாள் அம்சவேணி. அதெல்லாம் முடியாது, ஆள் இல்லாத வீட்டில் ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் கை தொடக்கூடாது, வைத்தவர்தான் எடுக்கலாம். மீனவர் தலைவரே போய்க் கேட்டும் உன் புருஷன் அவருக்கு ஒரு கார்னர் மனை தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டான். அது சரி, முன் கல்லில் சிவப்பாக உங்கள் எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே, என்ன அது என்று கேட்டு, ஆன்ட்டி கொர்க்கோர் போனில் போட்டோவைக் காட்டினார்.

அம்சவேணி நகர் என்று எழுதியிருந்தது.

அதைப் படித்துச் சொன்னதும், அப்படியென்றால் உன் மேல் இவ்வளவு ஆசையா என்று ஆன்ட்டி கொர்க்கோர் வியந்தார். ஆசையாவது மண்ணாவது, வரிக்காக என்றாள் அம்சவேணி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாங்கின எல்லாவற்றையும் இவள் பேரில்தான் வாங்கினார். பென்சிலில் டிக் அடித்த இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு இவள் வேலை முடிந்தது, தன் பேரில் இருக்கிற மனைகளில் பாதி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஆன்ட்டி கொர்க்கோர் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு எழுந்து போய் மீனவர் தலைவரோடும் பெரியவர்களோடும் பேசிவிட்டு வந்து தீர்ப்பைச் சொன்னார்: கை அவனுடையது, பேர் உன்னுடையது. பேருக்குரியவள் எடுக்கலாம்.

மறுநாள் விமானம். அம்சவேணி மகோலாவில் வாங்கின துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே மூச்சில் கரைக்குப் போய், இருபதடி ரோட்டில் இறங்கி நடந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் பச்சையாக நின்றது. மீன்கள் கிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவளைப் பார்த்தன, கல்யாண வீட்டில் தூரத்து சொந்தக்காரர்கள் பார்ப்பதுபோல. கரையெல்லாம் ஜனம்.

தணிகாசலம் நாற்காலியில் இருந்தார், முகம் கறுத்து, தாடி முளைத்து, ரொம்பத் திருப்தியாக.

"எழுந்திருங்க. நாளைக்கு ஃப்ளைட்டு."

"நீ போ. போய் ஆபீஸ் குமரகுருவ அனுப்பு, பெயின்ட்டோட வரச் சொல்லு. பன்னெண்டு வருஷம் எழுந்திருக்காம உக்காந்தா அனுபவ பாத்தியதை, எந்தக் கோர்ட்டும் அசைக்க முடியாது."

"நான் தனியா போனா, தனியாவே இருந்துடுவேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதே அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கம் தான், ஒரு பக்கம் கடலுக்கடியில் ஒரு மனை, அதில் அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"யாருக்காக உக்காந்திருக்கேன்?" என்றார் கடைசியில். "எல்லாம் உன் பேர்லதானே எழுதறேன்."

அம்சவேணி குனிந்து முதல் கல்லை ஆட்டினாள். அவர், அம்சா, அதுல கை வெக்காதே என்றார், சத்தம் போடவில்லை, ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து தடுக்கவும் முடியவில்லை, எழுந்தால் பாத்தியதை போய்விடும். அவள் ஒவ்வொரு மூலையாகப் போய் நாலு கல்லையும் பிடுங்கினாள், ரோட்டோரக் கல்லையும் ஒன்று விடாமல் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மாவாட்டின கை, கல் அதற்கு ஒன்றும் புதிதில்லை.

கல் போன பிறகும் கடல் வரவில்லை. சுவர் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்தது, எட்டிப் பார்த்தது, நாற்காலியில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கூச்சப்பட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டது.

"பாத்தியா," என்றார் தணிகாசலம். "நான் இருக்கற வரைக்கும் வராது."

"என் பேர்ல இருக்குற எடம்," என்றாள் அம்சவேணி. "யாரை உள்ள விடறதுன்னு நான்தான் சொல்லணும்."

சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சம்பந்தி வீட்டாரைக்கூட அவள் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்க மாட்டாள், கடலைப் பார்த்து, உள்ள வாங்க என்றாள்.

கடல் வந்தது. வாசலில் செருப்பை விடுகிறவர்கள் மாதிரி நுரையையெல்லாம் வெளியிலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல், முதலில் ஒரு விரல் கனத்துக்கு, பிறகு பாதம் மறைகிற அளவுக்கு. தணிகாசலம் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நாற்காலி லேசாகக் கிளம்பி, ஒரு அரைவட்டம் சுற்றி, அவரை அவள் பக்கமாகத் திருப்பி நிறுத்தியது. கரையில் ஆன்ட்டி கொர்க்கோர் படகை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகாசலம் காலுக்குக் கீழே பார்த்தார், நாலு பக்கமும் பார்த்தார், பார்க்க நிலம் என்று எங்கேயும் இல்லாததால் அவளைப் பார்த்தார். பார்த்துக் கையை நீட்டினார்.

அம்சவேணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு புடவையை உயர்த்திச் செருகிக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி நின்றாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. படகு வர இன்னும் கால் மணி நேரமாவது ஆகும்.